பெரியப்பாவின் வண்டி வீடும் அதன் கூரை ஒழுக்கும்

மலேசியாவின் பேராக் மாநிலத்தில் உள்ள சுங்கை சிப்புட்டில் எங்கள் வீட்டின் பக்கவாட்டில், மாமரத்தின் நிழல் பிற்பகலில் மட்டும் எட்டுகின்ற இடத்தில், ஒரு பழைய வண்டி நிற்கிறது. தோட்டத்துப் பிள்ளைகளைப் பட்டணத்துப் பள்ளிகளுக்கு ஏற்றிச் சென்ற மஞ்சள் நிறப் பள்ளிப் பேருந்து அது. என் பெரியப்பாதான் அதன் முதலாளியும் ஓட்டுநரும். தோட்டங்கள் பால்மரத்திலிருந்து, அதாவது ரப்பரிலிருந்து, எண்ணெய் தரும் செம்பனைக்கு மாறி, தொழிலாளர் குடியிருப்புகளான லயங்கள் காலியாகி, ஏற்றுவதற்குப் பிள்ளைகள் குறைந்துபோன பிறகு, அவர் இருக்கைகளைக் கழற்றி விற்றுவிட்டு, உள்ளே இரண்டு கட்டில், ஒரு எரிவாயு அடுப்பு, கை கழுவ ஒரு தொட்டி, 12 வோல்ட்டில் ஓடும் இரண்டு மின்விசிறி ஆகியவற்றைப் பொருத்தி, வெளியே வெள்ளை வண்ணம் அடித்து, அதை மோட்டார்ஹோமாக மாற்றிக்கொண்டார். தைப்பூசத்துக்கு ஈப்போ கல்லுமலைக்கும், பள்ளி விடுமுறைகளில் லூமுட் பக்கம் தெலுக் பாத்தேக் கடற்கரைக்கும் அந்த வண்டி வீட்டில்தான் நாங்கள் போய் வந்தோம்.

பெரியப்பாவுக்கு முழங்கால் வலி வந்த பிறகு வண்டி அதிகம் ஓடவில்லை. ஓடாத வண்டி வெயிலிலும் மழையிலும் நிற்கும். இரண்டு ஆண்டுகளுக்கு முன்பு வலப்பக்கக் கட்டிலின் தலைமாட்டில் முதல் சொட்டு விழுந்தது. பேராக்கின் இந்தப் பகுதியில் ஏப்ரல், மே மாதங்களிலும் பிறகு அக்டோபர், நவம்பர் மாதங்களிலும் பிற்பகல் மூன்று மணிக்கு மேல் இடியோடு கொட்டுகின்ற மழை ஒரு மணி நேரத்துக்குள் ஓய்ந்துவிடக்கூடியதுதான். ஆனால் அந்த ஒரு மணி நேரத்தில் ஒரு பேசின் நிறைந்தது. மழைக்குப் பெயர்போன தைப்பிங் எங்களுக்கு அதிகத் தொலைவில் இல்லை என்பதை அந்த நாட்களில் அடிக்கடி நினைத்துக்கொண்டேன்.

முதலில் நான் செய்தது தவறு. பட்டணத்தில் உள்ள ஒரு பட்டறையில் வண்டியைக் கொண்டுபோய் விட்டேன். அவர்கள் ஒரே காலைப்பொழுதில் கூரையின் எல்லா இணைப்புகளிலும், எல்லா ஆணித்தலைகளிலும், ஏற்கெனவே பெரியப்பா பூசியிருந்த தாரின் மீதும், ஒளி ஊடுருவும் சிலிக்கோனைத் தாராளமாகப் பிதுக்கிவிட்டு, 350 வெள்ளி (ரிங்கிட்) வாங்கிக்கொண்டார்கள். வண்டியைத் திரும்ப எடுக்கும்போது கூரையிலிருந்து புளித்த வினிகர் நெடி வந்தது. அந்த நெடியின் பொருள் அப்போது எனக்குத் தெரியாது. இரண்டு மாதங்கள் ஒழுகவில்லை. மூன்றாவது மாதம் முன்பைவிட அதிகமாக ஒழுகியது. இப்போது ஒரு சொட்டு அல்ல, கட்டிலின் நீளத்துக்கு ஒரு வரிசை.

பெரியப்பா திண்ணையில் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்துகொண்டு, "தம்பி, தண்ணி சொட்டுற எடத்த பாக்காத. அது எங்கேருந்து நடந்து வருதுன்னு பாரு" என்றார். அவர் பேருந்து ஓட்டுவதற்கு முன்பு தோட்டத்துத் தச்சரிடம் கையாளாக இருந்தவர். லயத்து வீடுகளின் தகரக் கூரைகளை மாற்றுவது அவர்களுடைய வேலைகளுள் ஒன்று. நெளிதகரத்தில் ஆணியைப் பள்ளத்தில் அடிக்கக் கூடாது, மேட்டில்தான் அடிக்க வேண்டும். ஏனென்றால் தண்ணீர் ஓடுவது பள்ளத்தில். இதைச் சொல்லிவிட்டு அவர், "ஒங்க பட்டறைக்காரனுக்கு மேடும் தெரியல, பள்ளமும் தெரியல" என்று சேர்த்துக்கொண்டார். எனக்கு அது நியாயமாகவே பட்டது.

எங்கள் வண்டியின் கூரை நெளிதகரம் அல்ல. குறுக்கே வளைந்து செல்லும் இரும்புச் சட்டங்களின் மேல், நான்கு அலுமினியத் தகடுகளை ஒன்றின் விளிம்பு மற்றொன்றின் மேல் ஏறுமாறு அடுக்கி, ரிவெட் அடித்து இறுக்கிய கூரை அது. அலுமினியம் ஒரு மீட்டர் நீளத்துக்கு ஒரு பாகை செல்சியஸ் வெப்பம் ஏறினால் ஏறத்தாழ 0.023 மில்லிமீட்டர் நீள்கிறது. இரும்பு அதில் பாதியளவு, அதாவது ஏறத்தாழ 0.012 மில்லிமீட்டர்தான் நீள்கிறது. கேட்பதற்கு இது ஒன்றுமில்லாததுபோல் இருக்கும். ஆனால் விடியற்காலையில் 24 பாகையில் கிடக்கும் கூரை நண்பகலில் கை வைக்க முடியாதபடி 64 பாகைக்குச் சூடேறுகிறது என்று வைத்துக்கொண்டால், 6 மீட்டர் நீளக் கூரையில் அலுமினியம் ஐந்தரை மில்லிமீட்டர் நீளும். அடியில் உள்ள இரும்பு அதே அளவு சூடேறினாலும் மூன்று மில்லிமீட்டர்கூட நீளாது. இடைப்பட்ட இரண்டரை மில்லிமீட்டரை ரிவெட்டுகள்தாம் தாங்க வேண்டும். பிற்பகல் மழை அந்தச் சூட்டின் மேல் விழும்போது தகடு சில நிமிடங்களில் சுருங்கிவிடுகிறது. இப்படி நாள்தோறும், பல ஆண்டுகளாக. ரிவெட் தளர்கிறது, அதன் துளை முட்டை வடிவத்துக்கு நீள்கிறது, தகட்டுக்கும் தகட்டுக்கும் இடையில் மயிரிழை இடைவெளி விழுகிறது. அந்த இடைவெளி அகலமாக இருந்தால்கூடத் தண்ணீர் விழுந்து வடிந்துவிடும். மயிரிழையாக இருப்பதால்தான், விளக்குத் திரியில் எண்ணெய் ஏறுவதுபோல, அது மேல்நோக்கியும் ஏறி உள்ளே வருகிறது.

உள்கூரையைக் கழற்றுவதுதான் முதல் வேலையாக இருந்தது. பிளைவுட் பலகை ஊறி, வெற்றிலை மடிப்பதுபோல் மடிந்தது. அதற்கு மேலே வெப்பத்தைத் தடுப்பதற்காகப் பெரியப்பா அடைத்து வைத்திருந்த கண்ணாடிக் கம்பளி, பிழிந்தால் தண்ணீர் வரும் நிலையில் இருந்தது. மழை விட்ட பிறகும் இரண்டு நாள் சொட்டிக்கொண்டே இருந்ததற்கு அதுதான் காரணம். கையுறையும் முகக் கவசமும் அணிந்து அதையெல்லாம் வாரிக் குப்பைப் பைகளில் கட்டிய பிறகு, கூரையின் அடிப்பக்கம் முழுவதும் கண்ணுக்குத் தெரிந்தது: இரும்புச் சட்டங்களில் துருவின் பழுப்புக் கோடுகள், அலுமினியத்தில் வெள்ளைப் பொடி, நீளவாக்கில் ஓடும் ஒரு சட்டத்தின் மேல் தண்ணீர் நடந்துபோன தடம். வண்டி நிற்கும் தரை பின்பக்கம் சற்றுச் சரிவானது. ஆகவே எங்கே நுழைந்தாலும் தண்ணீர் அந்தச் சட்டத்தைப் பிடித்துக்கொண்டு பின்னோக்கி நடந்து, கட்டிலுக்கு மேலே உள்ள வளைவில் தடுக்கி விழுந்திருக்கிறது. பெரியப்பா சொன்ன "நடந்து வருது" என்ற சொல் எவ்வளவு சரியானது என்பதை அப்போதுதான் கண்டேன்.

மறுநாள் காலை தண்ணீர்க் குழாயை வைத்துச் சோதித்தோம். குழாயை அழுத்திப் பீய்ச்சக் கூடாது; மழை அப்படிப் பெய்வதில்லை. வாயை அகலத் திறந்துவிட்டு, கூரையின் தாழ்ந்த இடத்திலிருந்து தொடங்கி, ஒவ்வோர் இணைப்பிலும் பத்து நிமிடம் நின்று, மெல்ல மேலே ஏற வேண்டும். மேலிருந்து தொடங்கினால் தண்ணீர் எல்லா இடத்தையும் நனைத்துவிடும். எது ஒழுகுகிறது என்று பிறகு யாராலும் சொல்ல முடியாது. என் சின்ன மகன் உள்ளே கைவிளக்கும் சுண்ணக்கட்டியும் வைத்துக்கொண்டு, ஈரம் தெரிந்த இடத்தில் வட்டம் போட்டுக் கத்துவதற்காக நின்றான். கூரைக்கு நான் இன்னும் ஏறவே இல்லை. சன்னல்களுக்கு மேலே ஓரத்தில் ஓடுகின்ற சிறு தகர வாய்க்காலில் தண்ணீர் விட்டு ஏழாவது நிமிடத்தில், "அப்பா, வருது!" என்று கத்தினான்.

அந்த வாய்க்காலைக் குனிந்து பார்த்தபோது என் 350 வெள்ளி என்ன செய்திருக்கிறது என்பது தெரிந்தது. கூரையிலிருந்து வழியும் நீர் அதில் விழுந்து, பின்மூலையில் உள்ள திறப்பு வழியாக வெளியே கொட்ட வேண்டும். பட்டறைக்காரர்கள் அந்தத் திறப்பையும் ஓர் ஓட்டை என்று எண்ணி, சிலிக்கோனால் அழகாக அடைத்திருந்தார்கள். மழை பெய்யும்போது வாய்க்கால் குளமாகி, நீர்மட்டம் கூரைத் தகட்டின் விளிம்புக்கு மேலே ஏறி, தகட்டின் அடிப்புறமாக உள்ளே போயிருக்கிறது. இரண்டு மாதங்கள் ஒழுகாமல் இருந்தது அவர்களுடைய வேலைத்திறனால் அல்ல. அது மழை குறைந்த காலம்.

நான் பெரியப்பாவிடம் போய்ச் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை. "வர்ற வழிய அடைக்கிறதுக்கு முன்னாடி போற வழிய தொறந்து விடணும்பா. லயத்துல நாங்க மொதல்ல பீலியில கெடக்குற எலையத்தான் அள்ளுவோம்" என்றார்.

வாய்க்காலின் திறப்பைக் கீறித் திறந்த பின் மீண்டும் தண்ணீர் விட்டோம். சொட்டுகளின் வரிசை நின்றது. ஆனால் முதல் நாளிலிருந்தே இருந்த அந்த ஒற்றைச் சொட்டு நிற்கவில்லை. ஆகவே கூரைமேல் ஏறினேன். ஏறுவதற்கு முன்பு, கால் படும் பாரம் இரண்டு வளைவுகளுக்கு இடையே தகட்டை நசுக்காமல் இருக்க, வளைவுகளின் மேல் குறுக்கே பலகைகளைப் போட்டுக்கொண்டேன். ஏணியை வண்டியோடு கட்டிக்கொண்டேன். ஒவ்வோர் இணைப்பாக நனைத்துக்கொண்டு முன்னோக்கி நகர்ந்து, ஓட்டுநர் இருக்கைக்கு மேலே வந்தபோதுதான் மகன் மறுபடி கத்தினான். சொட்டு விழுந்த இடத்துக்கும் நான் நின்ற இடத்துக்கும் இடையே மூன்று மீட்டருக்கு மேல் இருந்தது.

அங்கே, சிலிக்கோனுக்கு அடியில் தார், தாருக்கு அடியில் வெள்ளை வண்ணம், வெள்ளைக்கு அடியில் மஞ்சள், மஞ்சளில் நான்கு ஓட்டைகள் இருந்தன. பெரியப்பாவை அழைத்துக் காட்ட வேண்டிய தேவை இருக்கவில்லை, கீழே இருந்தபடியே, "பாஸ் செக்கோலா போர்டு இருந்த எடமா?" என்று கேட்டார். பள்ளிப் பேருந்து என்பதைக் காட்டும் அந்தப் பலகையை நான்கு போல்ட்டுகளில் பொருத்தியிருந்ததையும், வண்டியை வீடாக மாற்றிய ஆண்டில் அதைக் கழற்றிவிட்டு ஓட்டைகளில் சாக்குத் துணியைத் திணித்துத் தார் பூசியதையும் அவரே ஒப்புக்கொண்டார். தார் வெயிலில் சில ஆண்டுகள் நெகிழ்வாக இருக்கும். பிறகு அதிலுள்ள எண்ணெய்ப்பசை போய் இறுகி, வெடித்துவிடும். வெடிப்பின் வழியே இறங்கிய நீரைச் சாக்கு பிடித்து வைத்துக்கொண்டு நிதானமாக உள்ளே விட்டிருக்கிறது.

பழையதை அகற்றுவதற்கு ஏழு காலைப்பொழுதுகள் ஆயின. புதியதைப் பூசுவதற்கு இரண்டே நாள். இந்த விகிதத்தைக் கூரை வேலையில் இறங்கப் போகிறவர்கள் மனத்தில் வைத்துக்கொள்வது நல்லது. சிலிக்கோனின் மேல் வண்ணம் ஒட்டாது, வேறு எந்தப் பசையும் ஒட்டாது, புதிய சிலிக்கோன்கூட ஒழுங்காக ஒட்டாது. அதனால் கடைசிப் படலம்வரை போக வேண்டும்: பிளாஸ்டிக் சுரண்டியால் பெயர்த்து, மிஞ்சியதைக் கத்தி அலகால் வழித்து, துணியில் ஐசோபுரோப்பைல் ஆல்கஹால் நனைத்துத் துடைக்க வேண்டும். இரும்புக் கம்பித் தூரிகையை அலுமினியத்தில் தேய்க்கக் கூடாது என்பதையும் இங்கேதான் கற்றேன்; அதிலிருந்து உதிரும் இரும்புத் துகள்கள் அலுமினியத்தில் பதிந்து, பிறகு துருப்பிடித்துப் புள்ளி புள்ளியாக அரிக்கும். வினிகர் நெடி வந்ததன் பொருளும் புரிந்தது. அந்த வகைச் சிலிக்கோன் இறுகும்போது அசெட்டிக் அமிலத்தை வெளியிடுகிறது. அது கண்ணாடிக்கும் ஓடுகளுக்கும் ஏற்றது, உலோகத்தின் மேல், குறிப்பாக நாகம், அதாவது துத்தநாகம், பூசிய தகட்டின் மேல், அரிப்பை உண்டாக்கக்கூடியது. எங்கள் ஓர வாய்க்கால் நாகம் பூசிய தகடு.

நான் அலுத்துக்கொண்ட ஒரு காலையில் பெரியம்மா காப்பி கொண்டுவந்து வைத்துவிட்டு, பால்மரத்துக்கு மழைத்தடுப்பு ஒட்டிய கதையைச் சொன்னார். வெட்டுக் கோட்டில் மழைநீர் இறங்கிப் பால் கெட்டுவிடாமல் இருக்க, வெட்டுக்கு மேலே மரத்தைச் சுற்றி பிளாஸ்டிக் தாளைப் பாவாடைபோல் கட்டி, தார்ப் பசையால் ஒட்டுவார்களாம். முதலில் பட்டையின் சொரசொரப்பைச் சுரண்டி எடுக்காமல் ஒட்டினால், முதல் மழையிலேயே பசைக்கு உள்ளே தண்ணீர் இறங்கிவிடும். "சொரண்டாம ஒட்டுனா தண்டல் பேரு கொடுக்க மாட்டாரு" என்றார். தண்டல் என்பவர் தோட்டத்து வேலை மேற்பார்வையாளர்; அன்றைய கூலி கிடைக்காது என்பது அதன் பொருள். நான் மறுபடி சுரண்டியை எடுத்துக்கொண்டேன்.

தார் போன பிறகு அந்த நான்கு ஓட்டைகளைச் சுற்றியுள்ள அலுமினியம் வெள்ளையாக உளுத்திருந்தது தெரிந்தது. இரும்பு போல்ட்டும் அலுமினியத் தகடும் ஈரத்தில் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டிருந்தால் ஒரு சிறு மின்கலம்போல் வேலை செய்யும். அதில் அரிபடுவது அலுமினியம்தான். எவர்சில்வர் திருகாணி போட்டால் இந்தத் தொல்லை தீரும் என்று பலர் நினைக்கிறார்கள். உண்மையில் தொல்லை அதிகமாகவும் கூடும். அதனால் தகட்டில் அலுமினிய ரிவெட்டையே பயன்படுத்தினேன். உள்ளே இரும்பு வளைவுகளில் துருவைச் சுரண்டி, பாஸ்பாரிக் அமிலம் கலந்த துருநீக்கியைப் பூசிக் கழுவி, காய்ந்ததும் துத்தநாகப் பாஸ்பேட் முதற்பூச்சு இரண்டு தடவை அடித்தேன். வளைவும் தகடும் நேரடியாகத் தொடும் இடங்களில், தகட்டைத் தூக்க முடிந்தவரை தூக்கி, இடையில் பியூட்டைல் நாடாவை, அதாவது ஒட்டும் ரப்பர் நாடாவை, நுழைத்தேன்.

ரிவெட்டைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். இரும்புக்கடையில் சாதாரணமாகக் கிடைப்பது நடுவில் துளையுள்ள ரிவெட். இழுத்து இறுக்கியதும் அதன் ஆணித்தலை உள்ளே சிக்கிக்கொண்டு துளையை அடைத்திருக்கும். வண்டி அதிர அதிர அந்தத் தலை ஒரு நாள் கழன்று விழுந்துவிட்டால், ஒவ்வொரு ரிவெட்டும் ஒரு குழாய்தான். எங்கள் கூரையில் இப்படித் தலை விழுந்தவையும் தளர்ந்தவையுமாக 31 இருந்தன. அவற்றைத் துளையிட்டு எடுத்துவிட்டு, அடிப்பக்கம் மூடிய வகையை வாங்கினேன். தவுக்கே, அதாவது கடை முதலாளி, அதை உள்ளிருந்து தேடி எடுத்துக் கொடுத்துவிட்டு, இதை யாரும் கேட்பதில்லை என்று மலாயில் சொன்னார். 4.8 மில்லிமீட்டர் அளவே போதுமானது. துளை நீண்டுபோன இடங்களில் மட்டும் 6.4 போட்டேன். ஒவ்வொன்றையும் பொருத்தும் முன் அதன் கழுத்தில் சிறிது பாலியூரித்தேன் சீலன்ட்டை (இடைவெளி அடைக்கும் பசை) தடவிக்கொண்டேன்.

பலகை இருந்த இடத்துக்கு ஓர் அலுமினிய ஒட்டுத் தகடு வெட்டினேன். மூலைகளைக் கூராக விடாமல் வட்டமாக்கினேன். கூர்மூலைதான் முதலில் எழும்பும், துடைப்பமும் அங்கேதான் மாட்டும். அடியில் முழுப் பரப்புக்கும் பியூட்டைல் நாடா, விளிம்பிலிருந்து சற்று உள்ளே தள்ளி 40 மில்லிமீட்டருக்கு ஒரு ரிவெட், மேட்டுப்பக்க விளிம்பிலும் இரு பக்கங்களிலும் பாலியூரித்தேன். சரிவின் கீழ்ப்பக்க விளிம்பை மட்டும் பூசாமல் விட்டேன். என்றோ ஒரு நாள் உள்ளே சிறிது நீர் புகுந்தாலும் அது அந்தப் பக்கமாக வெளியேறிவிட வேண்டும் என்பதுதான் எண்ணம். பியூட்டைல் காய்ந்து இறுகுவதில்லை. பிசைந்த மாவுபோல் இருந்துகொண்டு தகட்டோடு நீளும், சுருங்கும். பாலியூரித்தேன் காற்றிலுள்ள ஈரத்தை எடுத்துக்கொண்டுதான் இறுகுகிறது. ஆகையால் நம் ஊர்ப் புழுக்கம் இந்த ஒரு வேலைக்கு உதவியாக இருந்தது. ஆனாலும் அது நாளொன்றுக்கு இரண்டு மூன்று மில்லிமீட்டர் ஆழத்துக்குத்தான் இறுகும். தடித்த கோடாகப் பிதுக்கிவிட்டு மாலையில் தொட்டுப் பார்த்து, மேலே தோல் கட்டியதும் வேலை முடிந்தது என்று எண்ணிவிடக் கூடாது.

மேற்பூச்சாக வெள்ளை அக்ரிலிக் பூச்சை, முதல் தடவை நீளவாக்கிலும் இரண்டாம் தடவை குறுக்கிலும் அடித்தேன். இது ஒழுக்கை நிறுத்துவதற்காக அல்ல. வெயிலைத் திருப்பி அனுப்பி, தகட்டின் நீட்சியைக் குறைப்பதற்காக. தண்ணீர் தேங்கி நிற்கும் இடத்தில் அக்ரிலிக் பூச்சு நாளடைவில் உரியும் என்பதால், கூரையில் பள்ளம் விழுந்திருந்த ஓர் இடத்தை உள்ளிருந்து மரக்கட்டை வைத்து மெல்லத் தட்டி நிமிர்த்திய பிறகே பூசினேன். விடியலில் கூரை பனியால் நனைந்திருக்கும், பிற்பகலில் மழை வரும். எங்களுக்குக் கிடைத்தது காலை ஒன்பதிலிருந்து பதினொன்றுவரை. பதினொன்றுக்கு மேல் தகடு சுட்டு, பூச்சு தூரிகையிலேயே திரியத் தொடங்கிவிடும். அதன் பிறகு லோரிக்காரர்கள் பயன்படுத்தும் படுதாவை மாமரக் கிளையிலிருந்து கூரையில் படாமல் இழுத்துக் கட்டிவிடுவோம்.

உள்கூரையை உடனே மூடவில்லை. பத்து நாள் மின்விசிறி ஓடியது. அந்தப் பத்து நாளில் ஒரு விடியற்காலையில், முந்தின நாள் மழையே இல்லாதபோது, கூரையின் அடியில் முத்து முத்தாக நீர் நிற்பதைப் பார்த்து எனக்கு வயிறு கலங்கிவிட்டது. பிறகுதான் கவனித்தேன்: எல்லா இடத்திலும் ஒரே சீராக இருந்தது, எந்தத் தடமும் இல்லை, இணைப்புகளில் அதிகமும் இல்லை. இரவில் தெளிந்த வானத்தின் கீழ் தகடு காற்றைவிடக் குளிர்ந்துவிடும். உள்ளே இருந்த ஈரக்காற்று அதில் பட்டுத் துளியாகி நின்றது. முன்னிரவில் மகனும் அவனுடைய நண்பர்களும் வண்டிக்குள் மேகி சமைத்திருந்தார்கள். கண்ணாடிக் கம்பளிக்குப் பதிலாக நீரை உறிஞ்சாத நுரைத்தகட்டை இடைவெளியில்லாமல் தகட்டோடு ஒட்டி, கூரைக் காற்றுத்துளையை இரவில் திறந்து வைக்கத் தொடங்கியதும் அது நின்றுவிட்டது.

மொத்தச் செலவு, பிளைவுட்டையும் சேர்த்து, 600 வெள்ளிக்குச் சற்று அதிகம். என் கூலியைக் கணக்கில் சேர்க்கவில்லை. பெரியப்பா தம்முடைய மேற்பார்வைக் கூலியைத் தேநீராக நாள்தோறும் வாங்கிக்கொண்டார்.

அக்டோபரில் முதல் பெருமழை வந்தபோது நாங்கள் இருவரும் உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டு கட்டிலில் உட்கார்ந்தோம். ஒருவர் பேசினால் மற்றவருக்குக் கேட்காத அளவுக்குக் கூரையில் சத்தம். பெரியப்பா கைவிளக்கை எடுத்து, முன்பக்கத்திலிருந்து பின்பக்கம்வரை அந்த நீளச் சட்டம் இருக்கும் கோட்டில் வெளிச்சத்தை மெல்ல நகர்த்திக்கொண்டே வந்து, பின்கதவின் மேல்மூலையில் நிறுத்தினார். அங்கே ஒரு விரல் அகலத்துக்கு ஈரம். கூரையிலிருந்து வந்தது அல்ல. கதவைச் சுற்றியுள்ள ரப்பர் காய்ந்து சுருங்கியிருக்கிறது. பழைய ரப்பரின் ஒரு துண்டை வெட்டி வைத்திருக்கிறேன். அந்த வடிவம் ஈப்போவில்தான் கிடைக்கும் என்கிறார் தவுக்கே.